‘கட்’ சொல்லும் வரைக்கும்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழும்பினேன். வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் அழுத்தத்தைப் பார்த்தேன். முள் பச்சைக் கோட்டுக்குள் நின்றது. சாமித்தட்டில் விளக்கை ஏற்றினேன். பாணுக்கு பட்டர் பூசிச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன். செவ்வாய் எங்கள் லண்டன் தெருவில் குப்பை எடுக்கும் நாள். எங்கள் தொட்டியை இழுத்துப்போய் வாசலில் வைத்தேன். பக்கத்து வீட்டுத் தொட்டியையும் இழுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். பிறகு செவன் கிங்ஸ் ஸ்டேசனுக்கு நடந்துபோய் வேலைக்கு ரயில் எடுத்தேன்.

காலையில் செய்யும் காரியங்கள் இவ்வளவுதான். மாலையில் இன்னொன்று உண்டு. வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றுமுன், பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு சொல் சொல்லவேண்டும். இரண்டு வருடமாக அது என் பொறுப்பு. அதைச் சொல்லாவிட்டால் அங்கே ஒரு மனுஷி சாப்பிடமாட்டார், படுக்கமாட்டார், இருந்த நாற்காலியை விட்டு எழும்பவும் மாட்டார்.

அவருக்கு மூன்று பெயர்கள். பெற்றோர் வைத்தது ஒன்று, ஸ்டூடியோ வைத்தது ஒன்று, கணவருடையது ஒன்று. மூன்றையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அவர் ‘ஜப்பான் அன்ரி’. ஒரு காலத்தில் ஜப்பானில் அவர் பெரிய நடிகை என்பதை அவர் வாயால் நாங்கள் அறியவில்லை. அவருடைய மாடிப்படிச் சுவரில் மாட்டியிருந்த சுவரொட்டிகள்தான் சொல்லின. எல்லாவற்றிலும் ஒரே முகம். வெள்ளைப் பூச்சு, ஈரத் தலைமயிர், பார்ப்பவரை விட்டு நகராத கண்கள். அவர் நடித்தவற்றில் அநேகம் பேய்ப் படங்கள்.

“பதினேழு வயதில் ஸ்டூடியோவுக்குள் போனேன். இரண்டு படத்தில் காதலி, மற்றதிலெல்லாம் பேய்,” என்று ஒருமுறை சொன்னார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அவர் ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைப்பதுபோலப் பேசுவார். “என்னைவிட அழகான பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இமைக்காமல் இருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.”

இதைக் கேட்டுவிட்டு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேர் ஹோமில் ஷிப்ட் வேலை செய்கிறவள். கிழவர்களுக்கும் பிணங்களுக்கும் பயப்படாதவள். ஆனால் அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இஞ்சருங்கோ, இதை வீடு வாங்கமுதல் விசாரிச்சிருக்கக் கூடாதே? கூரையைப் பாத்தீங்கள், பைப்பைப் பாத்தீங்கள், பக்கத்து வீட்டிலை பேய் இருக்கோ எண்டு பாக்கேல்லையே!”

“பேய் இல்லையப்பா. பேயா நடிச்சவ.”

“அது இன்னும் மோசம். பேய் விடிஞ்சால் போயிடும்.”

நாங்கள் அங்கே குடிவந்த முதல் வருடம் ஹலோவீனில் ஒரு சம்பவம். தெருப் பிள்ளைகள் முகமூடியும் பிளாஸ்டிக் கத்தியுமாக வீடு வீடாக இனிப்புக் கேட்டு வந்தார்கள். எங்கள் கதவில் வாங்கிக்கொண்டு அவருடைய கதவைத் தட்டினார்கள். கதவு திறந்தது. அவர் சாதாரணக் கம்பளிச் சட்டைதான் போட்டிருந்தார், கையில் இனிப்புத் தட்டு. முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. அந்த முகம் மெல்ல மெல்ல வேறொன்றாக ஆனதை நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். எந்தத் தசை அசைந்தது என்று சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்த ஆள் வெளியேறி, காலி வீட்டின் யன்னல் வழியாக யாரோ பார்ப்பதுபோல இருந்தது. பிள்ளைகள் இனிப்பு வாங்கக் கொண்டுவந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். எல்லாருக்கும் பெரிய பையன்தான் முதலில் ஓடினான்.

நான் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்து திரைச்சீலை இழுக்கப்போனபோது அவருடைய கதவு வெளிச்சம் இன்னும் நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். அதே தட்டு, அதே முகம், அதே நிற்பு. குளிரில் விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன. கூப்பிட்டேன்; கண்கள் என்னைத் தாண்டிப் பார்த்தன. என்ன செய்வதென்று தெரியாமல், “முடிந்துவிட்டது, பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள்,” என்றேன்.

உடனே முகம் திரும்பி வந்தது. இடுப்பை வளைத்து வணங்கினார். “நன்றி. யாரும் சொல்லவில்லை,” என்றார். பிறகு தட்டை நீட்டினார். நான் ஒரு இனிப்பு எடுத்தேன்.

அவர் யார் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு காட்சி தொடங்கிவிட்டால், முடிந்தது என்று வேறொருவர் சொல்லும்வரை அவரால் அதை விட்டு வெளியே வர முடியாது.

இது எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் தேநீர் ஊற்றும்போது சொன்னார். அவரை அதிகம் படங்களில் போட்ட இயக்குநர் ‘கட்’ சொல்லப் பிந்துகிறவராம். நடிப்பு முடிந்த பிறகு வருவதுதான் உண்மை என்று நம்பியவர். அதற்காகக் கமராவை ஓடவிட்டுக் காத்திருப்பார். அதற்குள் அசைந்த நடிகைக்கு அடுத்த படம் கிடையாது. ஒரு மாரிகாலக் குளிரில் தாமரைக் குளத்தில் இறந்து மிதக்கும் மனைவியாக இவரைப் படுக்கவைத்தார்கள். தலைமயிர் தண்ணீரில் விரிந்திருக்க, கண் திறந்திருக்கவேண்டும். பாதியில் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்த எந்திரம் நின்றுவிட்டது. எல்லாரும் அங்கே ஓடினார்கள். எந்திரம் சரிவரவில்லை, மிச்சத்தை நாளைக்கு எடுக்கலாம் என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவரிடம் வேறு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

“எப்படிக் கண்டுபிடித்தார்கள்?”

“உடுப்புக்குப் பொறுப்பான அம்மா எண்ணிப் பார்த்திருக்கிறார். கிமோனோ ஒன்று குறைந்தது.” வாயைக் கையால் மூடிச் சிரித்தார். “கிமோனோவைத் தேடித்தான் வந்தார், என்னைத் தேடி இல்லை. எழும்பு, எழும்பு என்று கரையில் நின்று கத்தினார். அவர் இயக்குநர் இல்லையே. நான் எழும்பவில்லை. பாவம், ஓடிப்போய் இயக்குநரைக் குளியலறையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். துவாயோடு வந்து சொன்னார், ‘கட்டோ’ என்று.”

நாங்கள் ‘கட்’ என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.

“நீங்கள் செத்துப்போயிருந்தால்?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். நான் கேட்டது விளங்காதவர்போல இருந்தது. “படத்தில் நான் செத்தவள்தானே,” என்றார்.

அந்தப் படங்களில் ஒன்றுக்குக் கமரா உதவியாளராகப் போன ஆங்கிலேயரைத்தான் அவர் கலியாணம் செய்தார். லண்டனுக்கு வந்த பிறகு பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. தொலைக்காட்சி நாடகங்களில் சலவை செய்யும் சீன லோண்டரிக்காரியாகச் சில தரம் நின்றிருக்கிறார். கணவர் ஒவ்வொரு மாலையும் வேலையால் வந்ததும் பகிடியாகக் ‘கட்டோ’ சொல்லுவாராம். எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. நாங்கள் அந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

என் அம்மா அப்போது எங்களோடு இருந்தார். அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது. என் அண்ணை யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசல் கேற்றடியில் நின்று, “போயிட்டு வாறன் அம்மா,” என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனவர். வரவில்லை. எங்கே போனார், யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை மகன் வாறன் என்று சொல்லியிருக்கிறான், சொன்னால் வருவான். லண்டன் வீட்டிலும் கதவுக்கு உள்சங்கிலி போட அவர் விடவில்லை. “அவன் வந்தால் திறக்கவேணும்,” என்பார். நாங்கள் போட்டால் எழும்பிவந்து கழற்றிவிடுவார்.

அம்மாவும் ஜப்பான் அன்ரியும் சில மத்தியானங்களில் எங்கள் முன்னறையில் ஒன்றாக இருப்பார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. இரண்டு பேரும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் லீவில் நிற்கும் நாட்களில் அந்த அறைக்குள் போக எனக்கு மனம் வருவதில்லை.

அம்மா இறந்தபோது அன்ரி கறுப்பு உடுப்போடு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “கடைசிவரைக்கும் யாரும் அவருக்குச் சொல்லவில்லையா?”

“எதை?”

“முடிந்துவிட்டது என்று.”

வயது போனவர், ஏதோ கேட்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அது எனக்கு விளங்கியது இரண்டு வருடத்துக்கு முந்திய மாரியில். அவருடைய பொயிலர் நின்றுவிட்டது, பார்க்கக் கூப்பிட்டார். எனக்குச் சரிவரவில்லை, நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். வாசலில் நின்று, எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். போயிட்டு வாறன். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். எத்தனையோ வருடமாக அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்கிறேன். அங்கே ஒருவரும் அதைக் கணக்கெடுப்பதில்லை.

மறுநாள் தொட்டியை இழுக்கப்போனபோது அவருடைய முன்னறை விளக்கு எரிந்தது, திரைச்சீலை திறந்திருந்தது. யன்னலால் பார்த்தேன். முதல்நாள் நான் விட்டுப்போன நாற்காலியில், மடியில் இரண்டு கையும் வைத்து, வாசலைப் பார்த்தபடி இருந்தார். முன்னால் தேநீரில் ஆடை படிந்திருந்தது. உதடு சாம்பல் நிறம். கண்கள் திறந்திருந்தன, நான் கண்ணாடியைத் தட்டியும் அசையவில்லை. செத்துப்போனார் என்றுதான் நினைத்தேன். எங்களிடம் இருந்த மாற்றுத் திறப்பால் கதவைத் திறக்க மூன்று தரம் முயலவேண்டியிருந்தது. உள்ளே போனதும் உதடு மட்டும் அசைந்தது.

“வந்துவிட்டீர்களா?”

மனைவி ஓடிவந்து போர்வையால் சுற்றினாள், வெந்நீர்ப் போத்தலைக் காலடியில் வைத்தாள். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“நேற்று என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?”

“வழமையாச் சொல்லுறதுதான். போயிட்டு வாறன் எண்டு.”

“இங்கிலீசிலையோ?”

“ஓம்.”

“வெள்ளைக்காரனெண்டால் விளங்காமல் விட்டிருப்பான். இவவுக்கு விளங்கிப்போட்டுது.” அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்தாள். “வாறனெண்டு சொன்னால் வரவேணுமப்பா. இனிமேல் போறன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.”

என்னால் ஏலாது. எங்கள் ஆட்கள் ஒருவர் வீட்டு வாசலில் நின்று ‘போறன்’ என்று சொல்வதில்லை. அது இழவு வீட்டில்கூட வாயில் வராத சொல். சொல்லாமலே வெளிக்கிடலாம் என்றால் அது இன்னும் மோசம், அவர் காத்திருப்பார். வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். அவர் கம்பளிக்குள் இருந்தபடி சொன்னார்: “அப்படியென்றால் இயக்குநர் சொல்வதைச் சொல்லுங்கள். என் கணவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளில்லை. எனக்கு நானே சொன்னால் அது செல்லாது.”

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஞாபகமறதிக்கான கேள்விகளை எல்லாம் கேட்டார். அன்ரி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, கேள்வி முடிந்ததா என்று கேட்டார். டொக்டர், முடிந்தது என்றார். அன்ரி எழும்பி வணங்கினார். “இந்த வயதில் இவ்வளவு தெளிவு,” என்று டொக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அன்று தொடங்கியதுதான் என் மாலை வேலை. மறுநாளும் அவர் அதே நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி என்னைக் காத்திருந்தார்; பிறகு ஒவ்வொரு மாலையும் அப்படித்தான். போவேன். பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் இருப்பேன். எழும்பி, ‘கட்டோ’ என்பேன். அவர் தோள் இறங்கும், கண் இமைக்கும், வணங்குவார், சமையலறைக்குப் போய்ச் சோற்றைச் சூடாக்குவார். “டைரக்டர் ஐயா வந்திட்டார், சம்பளம் மட்டும் இல்லை,” என்று மனைவி பகிடி பண்ணுவாள். ஆனால் என் தங்கை மகளின் கலியாணத்துக்கு கனடாவுக்கு, ரொறொன்ரோ போக பிளேன் ரிக்கெற் பார்த்தபோது, “நீங்கள் போனால் பக்கத்து வீட்டிலை ஆர் சொல்லுறது?” என்று கேட்டதும் அவள்தான். நான் போகவில்லை. ரயில் பிந்தினால் எனக்கு வியர்க்கத் தொடங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இமைக்காமல் இருக்கிறார் என்ற நினைப்போடு இரண்டு வருடம் இருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் டப்பாவைத் திறந்தபோது மனைவியின் போன் வந்தது. அன்று அவளுக்கு லீவு.

“சுவருக்கு அங்காலை ஏதோ விழுந்த சத்தம் கேட்டுது. பிறகு ஒரு சத்தமுமில்லை. ஒரு முனகல்கூட இல்லையப்பா, அதுதான் எனக்குப் பயம் பிடிச்சது. போய்ப் பாத்தால் மாடிப்படிக்குக் கீழை கிடக்கிறா. கண் திறந்தபடி.”

“உயிர்?”

“இருக்குது. அம்புலன்ஸ் வருகுது. நீங்கள் நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.”

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இந்த வயதில் சத்திர சிகிச்சை தாங்கமாட்டார், நெஞ்சிலும் சளி கட்டிவிட்டது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார் டொக்டர். இன்றைக்கோ, சில நாளிலோ என்றார். மனைவி அன்ரியின் வீட்டைப் பூட்ட எனக்கு முன்பே போய்விட்டாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அவர் நிமிர்ந்து படுத்திருந்தார். வெள்ளை மயிர் தலையணையில் விரிந்திருந்தது. கண்கள் திறந்தபடி. மாடிப்படிச் சுவரொட்டியில் இருந்த முகம் அது. அறுபது எழுபது வருடத்துக்குப் பிறகு பூச்சு எதுவும் இல்லாமல் அப்படியே வந்திருந்தது.

வார்டில் இருந்த தாதி மலேசியத் தமிழ்ப் பிள்ளை. “அங்கிள், கண்ணை மூடவே மாட்டேங்கிறாங்க. மருந்து குடுத்திருக்கு, தூங்கணும், ஆனா தூங்கல. வலி இருக்கான்னா பதிலே இல்ல. எதுக்கோ காத்திருக்கிற மாதிரியே இருக்காங்க,” என்றாள்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். மாலையாகிவிட்டது. வழமையான நேரம். நான் எழும்பி நின்றேன். சொல் வாய்க்குள் வந்துவிட்டது. அப்போதுதான் பயம் பிடித்தது. வீட்டில் அதைச் சொன்னால் அவர் எழும்பிச் சோறு சூடாக்குவார். இங்கே சொன்னால் எதை முடிப்பார்? அவரை இன்னும் பிடித்து வைத்திருப்பது ஒரு சொல் வராமல் இருப்பதுதான் என்றால்?

“இருக்கிறதுன்னா இருங்க அங்கிள், நாற்காலி போட்டுத் தர்றேன்,” என்றாள் தாதி.

இருக்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கண்களுக்கு முன்னால் விடியும்வரை இருக்க முடியாது என்று தோன்றியது. கோட்டைப் போட்டேன். அவருடைய பக்கம் குனிந்தேன். என் வாயிலிருந்து வந்தது, பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகினது.

“போயிட்டு வாறன்,” என்றேன், ஆங்கிலத்தில்.

கண்கள் மெல்ல நகர்ந்து வாசலில் போய் நின்றன.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சோறு போட்டு வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?”

நான் கோட்டைக் கழற்றினேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

“அப்ப இண்டைக்கு அவ போகமாட்டா,” என்றாள். “அந்த வலியோடை காத்துக்கொண்டிருப்பா.”

சாப்பிட உட்கார்ந்தோம். எழும்பினோம். கதவைப் பூட்டப்போனேன். உள்சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகும் அதை நாங்கள் போடுவதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மனுஷி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை அன்றைக்கு வேறு சொல் சொல்லியிருந்தால் என்று முதல்முறையாக நினைத்தேன். நினைக்கவே உடம்பு கூசியது.

20, புதன்கிழமை. பொயிலரைப் பார்க்கவில்லை. விளக்கு ஏற்றவில்லை. எழும்பி முதல் வேலையாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இருட்டோடு முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதி ஷிப்ட் முடியாமல் நின்றாள். “ராத்திரி பூரா வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க அங்கிள்,” என்றாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண்கள் என்மேல் வந்தன. உதடு வெடித்திருந்தது. வந்துவிட்டீர்களா என்று கேட்க அவருக்குச் சத்தம் இல்லை.

“கட்டோ,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன். அதற்குப் பிறகு தமிழில், என் வாழ்நாளில் ஒருவருக்கும் சொல்லாததையும் சொன்னேன்.

“நான் போறன், அன்ரி.”

தலையைத் தூக்க ஏலாததால் மோவாயை மட்டும் அசைத்து வணங்கினார். பிறகு கண்களை மூடினார்.